"குவைத் அம்மாவ அனுப்பி வைங்க"

நான் பெத்த பிள்ளை என் கண் முன்னாலயே இன்னொருத்தர அம்மான்னு கூப்பிட்டுச்சுங்க. வயித்தெரிச்சல்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. சபையில நின்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கர்த்தர் செஞ்சத மறைக்க மனசு வரல.

புருசன் விட்டுட்டுப் போனதும் கைக்குழந்தைய அண்ணிகிட்ட குடுத்துட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். போன வருசம், விசா முடிஞ்சும் தங்கிட்டேன்னு புடிச்சு, முகாம்ல அடைச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. மாத்தளையில பஸ்ஸ விட்டு எறங்கறப்ப கையில ஒரு சொப்பிங் பேக்தான். வெளிநாட்டுல இருந்து வந்தா எங்க தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு வாசனைச் சவர்க்காரமும் டொபியும் குடுக்கணும். எல்லாரும் வந்து பாத்தாங்க. வெறுங்கையோட போனாங்க.

மகள் ஸ்டெல்லா அண்ணிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "அம்மா, இவங்க யாரு?"ன்னா.

அன்னையில இருந்து சுவத்தப் பாத்துப் படுத்தவதான். நெஞ்சு படபடக்கும். சோறு எறங்காது. செத்துடலாம்னு தோணும். அண்ணி அவளுக்குத் தலை வாரி விட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஆண்டவரே, இவகிட்ட இருந்து என் பிள்ளையப் புடுங்கிக் குடுங்க"ன்னுதான் ஜெபிச்சேன். அப்படித்தாங்க வாயில வந்துச்சு!

ஒரு நாள் சாயந்தரம் வீட்டு ஜெபம். ஸ்டெல்லா முழங்கால் போட்டு, "இயேசப்பா, குவைத் அம்மாவ சீக்கிரம் அனுப்பி வைங்க. சாமான் ஒண்ணும் வேணாம்"னா.

"அதான் வந்துட்டாங்களேடி. நான் சொல்லிக் குடுத்த ஜெபத்த இனி நிறுத்தலாம்"னாங்க அண்ணி.

"இல்லம்மா. இவங்க பேசவே மாட்டேங்கிறாங்க. அவங்க இன்னும் வரல."

ஐயோ, நான் யாரைப் பாத்து வயிறெரிஞ்சேனோ, அவங்கதான் நான் வரணும்னு ஜெபிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க! எழும்பிப் போய் அவ பக்கத்துல முழங்கால் போட்டேன். "வந்துட்டேன் பாப்பா"ன்னு ஓன்னு அழுதேன்.

அடுத்த வாரம் அண்ணிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இப்படி மனசொடிஞ்சு கெடக்கிறதும் ஒரு நோய்தான்னு டொக்டர் மாத்திரை குடுத்தாரு. இன்னமும் குடிக்கிறேன். அதுவும் கர்த்தர் காட்டின வழிதான்.

பொறாமை போயிடுச்சான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சல்னா ஸ்டெல்லா இன்னமும் அண்ணி மடிக்குத்தான் ஓடுறா. சுருக்குன்னு இருக்கும். ஆனா இப்ப அண்ணிக்கும் சேத்துத்தான் ஜெபிக்கிறேன்.

என்னைப் போல திருப்பி அனுப்பப்பட்டு மூலையில கெடக்கிறவங்க யாராவது இங்க இருந்தா, கர்த்தரை நம்பி எழும்புங்க. நீங்க வரணும்னு ஏதோ ஒரு வீட்டுல யாரோ கேட்டிருப்பாங்க.

போன வாரம் ஸ்டெல்லா என் கையப் புடிச்சுக்கிட்டே ஜெபிச்சா. "இயேசப்பா, குவைத் அம்மா வந்துட்டாங்க. இனி எங்கயும் அனுப்பிடாதீங்க."