கௌபிக்கு மட்டும் வரும் நோய்

ஏறாவூர் நௌஷாட்டின் உத்தியோகத்தை ஊர் மதிக்காதது வரலாற்றுப் பிழை. இருபது வருடம் கௌபிப் பயறுத் தோட்டம் செய்தவர். இலையில் மஞ்சள் தேமல் கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவார். அப்படிப்பட்டவரைப் பல்கலைக்கழக வலைவீட்டில் வைத்து, நல்ல செடிகளுக்கு நோய் வரவைக்கச் சொல்லிச் சம்பளமும் கொடுத்தார்கள்.

வேலை இலேசானதல்ல. இலையில் நுண்ணிய மணல்தூளைத் தூவி, நோய்ச்சாற்றை விரல் நுனியால் தடவ வேண்டும். அழுத்தினால் இலை கிழியும். அழுத்தாவிட்டால் வைரஸ் உள்ளே போகாது. தேமல் விழுந்த இலைகளை ஆய்வுகூடத்து விஞ்ஞானி நிலோஜன் சேர் அரைத்து, வைரஸைப் பிரித்தெடுப்பார். அதன் உள்ளே இருப்பதை நீக்கிவிட்டு வெறுங்கோதுக்குள் மருந்தை அடைப்பதும், கோதுகளைச் செங்கல்போல ஒன்றோடொன்று பொருத்துவதும் அவருடைய நானோ ஆராய்ச்சி. அந்த வகையில் நௌஷாட், கண்ணுக்குத் தெரியாத கல்லுக்குச் செங்கல் அறுக்கும் வாடி நடத்துபவர்.

பதினான்கு வருடம் காத்திருந்து பிறந்த ரிப்கா வீட்டுக்கு வந்த அன்று, இந்தப் பெருமையெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"வைரஸ் வளக்கிற கையால என்ட புள்ளயத் தொடாதீங்க மச்சான்," என்றாள் மனைவி ஸுஹைனா.

கொரோனாவில் உம்மாவைப் பறிகொடுத்து, கடைசியாக முகம் பார்க்கவும் கிடைக்காதவள் அவள். நௌஷாட்டுக்கு வாதாட மனம் வரவில்லை. இருபத்தாறு நாள், தொட்டிலுக்கு மூன்று முழம் தள்ளியிருந்தே தகப்பனாக இருந்தார். கை கழுவியே ஐந்து கட்டிச் சவர்க்காரம் கரைந்தது.

இருபத்தேழாம் நாள் நிலோஜன் சேரிடம் விளக்கம் கேட்டார். அவர் அரை மணித்தியாலம் பேசியதை, வீடு வரும் வழியில் நௌஷாட் சுருக்கி எடுத்தார்.

"அது பயறுச் சாதிக்குத்தான் வரும் புள்ள. வலைவீட்டுக்குள்ளயே பூசணி நிக்கிது, ஒரு தேமல் இல்ல. பூசணிக்கே வராதது ரிப்காவுக்கு வருமா?"

ஸுஹைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, செடியை எப்படித் தடவுவதென்று காட்டச் சொன்னாள். அவர் அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கத்தில் விரல் நுனியை வைத்து, ஒரே ஒருமுறை இழுத்தார். அவள் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு மெதுவாவா அந்தச் செடிக்கு நோய் வருத்தம் குடுக்கிறீங்க?" என்றாள். பிறகு, "இன்னொருக்காக் கழுவிட்டு வாங்க."

ஆறாவது கட்டி திறக்கப்பட்டது. அவள் தன் மடியில் வைத்த பிள்ளையின் கன்னத்தை, இலை கிழியாத அளவுக்குத் தொட்டார் நௌஷாட்.

ரிப்கா தும்மினாள்.

ஸுஹைனாவின் கைகள் பிள்ளையை வாங்க நீண்டன. பாதி வழியில் நின்றன. பிறகு அவர் உடுத்திருந்த சாரனின் ஓரத்தை எடுத்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போயின.

பிள்ளை அவர் மடியிலேயே இருந்தது.