என் ஆமாவுக்கு முன்னால் வந்த கேள்வி

வெளியூர் பஸ்ஸெல்லாம் தாம்பரத்துக்கு வராமல் கிளாம்பாக்கத்தோடு நின்றுபோனதே, அதற்கு அடுத்த மழைக்கு முன்னால் நடந்தது இது. தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஆள் நான். அப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். பஸ் கதையைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, அதை விடுங்கள்.

ஊரப்பாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் பில் என் பேரில் வருகிறது, பட்டா மட்டும் இல்லை. அந்த மாதம் டேப் பிடித்து அளக்கிற ஆட்கள் வந்தார்கள். தெருக்கோடியில் இரண்டு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஏரித் தண்ணீர் போன பழைய வாய்க்காலைத் தேடுகிறார்களாம். வாய்க்கால் மேல் எந்த வீடு நின்றாலும் இடிப்பார்களாம்.

வாய்க்கால் எங்கே ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், இப்போது நாலு மாடி அபார்ட்மெண்ட் நிற்கிற இடத்தில். அதில் இறங்கி எருமை கழுவியிருக்கிறேன். அளக்க வந்தவர்களில் ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.

அதே வாரம் ஒரு பெண்ணும் ஒரு பையனும் கேமராவோடு வந்து நின்றார்கள். காலேஜில் பத்திரிகைப் படிப்பு படிக்கிறார்களாம். ஏரியைப் பற்றிப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் மார்க்காம். கழுத்தில் கயிறு கட்டி அட்டை தொங்கியது. இந்தக் காலத்தில் அட்டை யார்தான் தொங்கப்போடவில்லை? அளக்க வந்தவர்களும் தொங்கப்போட்டிருந்தார்கள்.

எனக்குப் பேப்பர்காரர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. முன்பு ஒரு பெருமழையில் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். யாரோ போட்டோ எடுத்தார்கள். மறுநாள் டீக்கடைக்காரர் பேப்பரை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். வீட்டைக் காலி செய்து வெளியேறும் முதியவர் என்று போட்டிருந்தது. போனது வீட்டுக்குள்ளே. போட்டது வெளியே. முதியவர் என்றது வேறு. அப்போது எனக்குத் தலை நரைக்கக்கூட இல்லை.

என் சம்சாரத்துக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை.

"இன்னாத்துக்கு மொறைச்சிகினு நிக்கிற? பசங்க வெயில்ல வந்துகீதுங்க. உக்காரச் சொல்லு."

"யாரு அனுப்பி வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஆமா, உன்னைப் புடிக்கத்தான் டெல்லிலேர்ந்து அனுப்பிகீறாங்க. போய் சட்டையப் போடு."

சட்டையைப் போட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பையன் கேமராவை என் முகத்துக்கு நேராக வைத்தான். அந்தப் பெண் கேட்டாள்.

"தாத்தா, ஏரியில இருந்து வாய்க்கால் இந்தப் பக்கமாதான் வந்துச்சா?"

"ஆமா. தோ, அங்கதான். நல்லா அகலமா ஓடும்" என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். இன்னும் நாலைந்து கேட்டாள், சொன்னேன்.

முடிந்தது என்று எழுந்தேன். அவர்கள் போகவில்லை. பையன் கேமராவைத் தூக்கி என் நாற்காலிக்குப் பின்னால் வைத்து, அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினான். நாற்காலியில் யாருமே இல்லை. அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். ம், ம் என்கிறாள். சிரிக்கிறாள்.

"இன்னாம்மா இது?"

"ஒரே கேமராதான் தாத்தா இருக்கு. நீங்க பேசினதை முதல்ல எடுத்தோம். இப்ப நான் கேள்வி கேக்கறத எடுத்து நடுவுல சேத்துடுவோம். எங்க சார் இப்படித்தான் சொல்லிக்குடுத்தார்."

கேள்வி தனி, பதில் தனி, பிறகு ஒட்டுவார்களா? காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவள் நாற்காலியிடம் கேட்டாள்.

"தாத்தா, உங்க வீடு இருக்கற இடத்துலதான் அந்த வாய்க்கால் ஓடிச்சா?"

"நிறுத்து!" என்றேன். "மொதல்ல நீ கேட்டது இது இல்ல."

"அதேதான் தாத்தா. கொஞ்சம் கிளியரா கேட்டேன்."

"கிளியராவா? நான் ஆமான்னு சொல்லிகீறேன். இத்தை அத்தோட ஒட்டினா இன்னா ஆவும்? நானே என் வூட்டை இடிக்கச் சொன்னா மாதிரி ஆவும். யாரு அனுப்பினாங்க உங்களை? எதிர் வூட்டுக்காரங்களா?"

"ஐயோ தாத்தா, எங்களுக்கு இங்க யாரையுமே தெரியாது."

பையன் முதலில் எடுத்ததை ஓட்டிப் பார்த்தான். "கேள்வி மாறிடுச்சுடி" என்றான் மெதுவாக. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. சாரி தாத்தா, வேணும்னு பண்ணல என்றாள். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. அவன் கையிலிருந்த கேமராவை நானும் எட்டிப் பார்த்தேன். அதில் என் முகம் மட்டும்தான் இருந்தது. "தோ, அங்கதான்" என்கிறேன். கை இல்லை. எங்கே என்று யாருக்குத் தெரியும்?

"என் கை எங்க?"

"க்ளோசப் தாத்தா. கையைத் தனியா ஒரு ஷாட் எடுத்துடறேன்" என்றான்.

கையை நீட்டச் சொல்லி, கையை மட்டும் எடுத்தான். எடுத்த பிறகு யோசித்தேன். தனிக் கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காட்டும். அதையும் ஒட்டத்தானே போகிறார்கள்?

"அபார்ட்மெண்ட் கேட்டும் என் மூஞ்சியும் கையும் ஒண்ணாத் தெரியணும். கேள்வியையும் அப்பவே கேளு."

"தாத்தா, நீங்க டைரக்டரா?" என்றான் பையன். ஆனாலும் பின்னால் போனான். போய்க்கொண்டே சாக்கடை மூடி வரைக்கும் போய்விட்டான். அவள் ரோட்டில் என் பக்கத்தில் நின்று, முதலில் கேட்ட மாதிரியே கேட்டாள். நான் ஆமா என்று மட்டும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம், அந்த அபார்ட்மெண்ட் நிற்கிற இடம், என் வீட்டுப் பக்கம் இல்லை என்று முழுசாகச் சொன்னேன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"பழசை அழிச்சிடு" என்றேன்.

"அழிக்க முடியாது தாத்தா, எடுத்த எல்லாத்தையும் சாருக்குக் காட்டணும். இதைத்தான் படத்துல வெப்பேன், பிராமிஸ்" என்றாள். படம் முடிந்ததும் போனில் அனுப்புகிறேன் என்று சம்சாரத்தின் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

"பாவம்யா அந்தப் பொண்ணு. அழுதுடும்போல கீது" என்றாள் சம்சாரம். பாவம்தான். ஆனால் ஒட்டுவது அவள்தானே?

ஒருநாள் அவளே போன் செய்தாள். படத்தைக் காலேஜில் போட்டார்களாம், எல்லாரும் கை தட்டினார்களாம். எதுக்குத் தட்டினார்கள் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. படம் இன்னும் வரவில்லை. அளக்கிற ஆட்களும் திரும்ப வரவில்லை. சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஊரப்பாக்கம் ஏரியைப் பற்றிக் காலேஜ் பிள்ளைகள் எடுத்த படம் என்று எதிலாவது ஒரு கிழவன் ஆமா என்று சொல்வது வந்தால், அதற்கு முன்னால் என்ன கேள்வி வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் பார்க்கிறவர்களிடமும் சொல்லுங்கள், வாய்க்கால் ஓடியது எதிர்ப்பக்கம் என்று. அவர்களை இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.