யாகப்பன் வீட்டு ரப்பர் தோட்டம்

காலையில் யாகப்பன் தன் தலையைச் சீவுவதற்கு முன்னால் தோட்டத்தைச் சீவிவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல் அகன்ற இரும்பு வாரியைக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து வாசற்படி வரை ஒரே திசையில் இழுப்பார். கறுப்பு ரப்பர்த் துருவல் கோடு கோடாகப் படியும். ராத்திரி உதிர்ந்த குரோட்டன்ஸ் இலையைப் பொறுக்குவார். காக்கை போட்டுவிட்டுப் போன எலும்பைப் பொறுக்குவார். அப்புறம், மூக்கு தரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, நேற்று வந்த யாருடைய செருப்போ விட்டுப்போன மண்கட்டியைக் கண்டுபிடிப்பார். அதை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் பிடித்துத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிவார்.

அந்தப் பக்கம் மாதுவின் மாட்டுக் கொட்டகை. அந்த நேரத்தில் மாது பால் கறந்துகொண்டிருப்பார். மண்கட்டி விழும் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே ஒரு கேள்வி வரும். "என்னா மேஸ்திரி, தோட்டத்துக்கு வகிடு எடுத்தாச்சா?"

"உங்க வூட்டுச் சரக்கு மாதண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார் யாகப்பன். தினமும் இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் அலுத்ததில்லை.

அரூரில் சேலம் ரோட்டின் மேல், தேய்ந்த லாரி டயருக்குப் புதுத் தோல் போட்டுத் தருகிற பட்டறையில் யாகப்பன் மேஸ்திரி. டயரை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டுப் பழைய தோலைச் சுரண்டும்போது ரப்பர், துருவிய தேங்காய்போல உதிரும், நிறம்தான் கறுப்பு. பட்டறைக்குப் பின்னால் அது குன்றாகக் கிடந்தது. குன்று கிடந்த இடத்தில் புல்பூண்டு முளைக்காததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இடம் வீணாய்ப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துவிட்டு, தோட்டம் போட இதைவிடத் தோதான சாமான் உலகத்தில் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர் யாகப்பன் ஒருவர்தான்.

முதலாளியிடம் கேட்டபோது, அவர் இதுவரை எந்தத் தொழிலாளிக்கும் காட்டாத தாராளத்தோடு மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். லாரிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பே யாகப்பன் ஆள் விட்டு, வாசலில் இருந்த செம்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்திருந்தார். அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்ற பிரச்சினை வந்தபோது மாது, "நம்ம பக்கம் கொட்டுங்க, கெடக்கட்டும்" என்றார். அது கொட்டகை ஓரத்தில் ஒரு மேடாகக் கிடந்தது. மாதுவின் கோழிகளுக்கு அதன் மேல்தான் வாசம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தோட்டத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்காமல் உள்ளே போக முடியாது. "மண்ணுங்கறது காட்டுல இருக்கோணும்ங்க. வூட்டுக்கு வந்துட்டா அதுக்குப் பேரு அழுக்கு" என்று யாகப்பன் ஆரம்பிப்பார். களை வராது, சேறு ஆகாது, மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், பாம்பு தேள் ஒளிந்தால் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். கறுப்புத் தேள் கறுப்பு ரப்பரில் எப்படித் தெரியும் என்று தபால்காரர் கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்த வீட்டில் தண்ணீர் கிடைப்பதில்லை.

பிரசங்கத்தின் கடைசியில் வந்தவரைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கச் சொல்வார். "மெத்தை மேல நடக்கற மாதிரியே இருக்கும், நடந்து பாருங்க." காலையில் அது உண்மைதான். சித்திரை மாதத்து மத்தியானத்தில் யாகப்பனே அதன்மேல் நடக்கும்போது, வீட்டுக்குள் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர்போல் வேகமாகப் போவார். வெயில் ஏற ஏற வாசலில் ஒரு வாசனை கிளம்பும். மலைப்பாதையில் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கிய லாரிக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சுத்தமான இடத்துக்கென்று ஒரு வாசனை உண்டு என்பார்.

ரோஜாச்செடி சட்டைப் பித்தான் அளவுக்குப் பூத்தது. அது அந்த ஜாதி என்றார். மாதுவின் சேவல் ஒருநாள் சுவரேறிக் குதித்து வந்து, வெகுநேரம் கிளறிவிட்டு, ஒரு புழுகூடக் கிடைக்காமல் தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் மனைவி பாக்கியமேரியின் கறிவேப்பிலைக் கன்று இரண்டு தடவை பட்டுப்போனது. மூன்றாவது தடவை அவள், வாய் உடைந்த ஒரு பானையில் சுவருக்கு அந்தப் பக்கத்து மண்ணை வாங்கி நிரப்பி, வீட்டுக்குப் பின்னால் துவைகல் மறைவில் புதினா வைத்துக்கொண்டாள். யாகப்பனுக்கு அது தெரியும். சட்னி நன்றாக இருந்ததால் தெரியாததுபோல் இருந்தார்.

பொம்மிடிப் பக்கம் இன்னமும் காடு கழனியோடு கிடக்கும் அக்கா ராயம்மாள் கடலைக்காய் மூட்டையோடு வந்தவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "எங்கடா கால வெக்கறது, எதோ எரிஞ்சி போன எடமாட்டம் கெடக்குது" என்றாள். அக்காவுக்கு உலகம் தெரியாது என்று யாகப்பன் மனதைத் தேற்றிக்கொண்டார். அவரும் அக்காவும் ஒரே ஏர் பின்னால் நடந்து வளர்ந்தவர்கள் என்பதைப் பட்டறையில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

மண்ணின் மேல் அவருக்கு இவ்வளவு கோபம் ஒரு அக்டோபர் மாதத்தில் வந்தது. அது ஜெபமாலை மாதம். மாதாவின் சிலை, சுரூபம் என்பார்கள், தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் சனங்கள் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்வார்கள். அவர் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், அவர் முறை வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. வாசல் சேறாகிவிட்டது. பள்ளிக்கூடத்துத் தெரசா டீச்சர் வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துக்கு வந்தமா, நாத்து நட வந்தமா?" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். யாகப்பனும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கே உள்ளுக்குள் ஒரு வாசலைக் கட்டி முடித்துவிட்டார். அதில் மண் இல்லை.

சொந்த வீடு கட்டிய பின், இந்த வருஷம், மாதத்தின் கடைசி நாள் அவர் வீடு என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். கடைசி நாள் என்றால் சாமியாரே வருவார், கோயில் சனம் முழுக்க வரும். அது வழக்கமாக டீச்சர் வீட்டுக்கும் பேங்குக்காரர் வீட்டுக்கும் போகிற மரியாதை. யாகப்பன் பூசை முடிகிறவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மறுநாளே பட்டறையிலிருந்து இன்னும் மூட்டைகள் வந்து இறங்கின. தெரசா டீச்சர் வந்து முட்டிபோட்டு எழுந்து, சேலையில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் திரும்பிப் போகவேண்டும். மாதாவிடம் அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

ஜெபமாலை முடிந்து பிரார்த்தனை சொல்லும்போது, எல்லோரும் கையில் இருக்கும் மெழுகுவர்த்தியைச் சுரூபத்துக்கு முன்னால் தரையில் குத்தி வைப்பது இங்கே வழக்கம். சிமெண்டு வாசல் உள்ளவர்கள் தாம்பாளத்தில் மணல் கொட்டி வைப்பார்கள். பாக்கியமேரி அதைக் கேட்டாள். யாகப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"தாம்பாளத்துல வெச்சாலும் மண்ணு மண்ணுதான். ரப்பர்ல குத்துனா சும்மா கும்முனு நிக்கும் பாரு."

கடைசி நாள் சாயங்காலம் மழை வரவில்லை. வராததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னார். சனங்கள் வந்தார்கள். வாசலைப் பார்த்துச் சாமியார், "என்ன யாகப்பா, கறுப்புக் கம்பளம் விரிச்சிருக்க?" என்றார். யாகப்பனுக்கு உயரம் கூடியது. தெரசா டீச்சர் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து முட்டிபோட்டார். மெத்தென்று இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவளிடம் அவர் சொன்னது யாகப்பன் காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஜெபத்தில் ஒரு வார்த்தையும் விழவில்லை.

பிரார்த்தனை தொடங்கியது. மெழுகுவர்த்திகளைக் குத்தினார்கள். கும்மென்று நிற்கவேண்டியவை ஒவ்வொன்றாகத் தூங்கி விழுகிற ஆளைப்போலச் சாய்ந்தன. நிமிர்த்தினார்கள். மறுபடியும் சாய்ந்தன. யாகப்பன் கண்ணாலேயே எல்லாவற்றையும் நிமிர்த்திப் பார்த்தார். சுரூபத்தின் காலடியில் முதலில் ஒரு இழை புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துச் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அடுத்த மூச்சில் அது சாம்பிராணி இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ரப்பர் எரிவதை அடுப்பு எரிவதோடு ஒப்பிட முடியாது. கறுப்பாகப் பிசுபிசுத்த புகை எழும்பி, சாமியாரின் வெள்ளை அங்கியைத் தடவிக்கொண்டு போனது. பிரார்த்தனை இருமலாக மாறியது. இரண்டு பேர் பாய்ந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். யாகப்பன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வீசினார். எரிந்துகொண்டிருந்த துருவல் தண்ணீரில் மிதந்து, அதுவரை எரியாத இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

"டேய் யாகப்பா, தண்ணி ஊத்தாத. மண்ணப் போடு, மண்ண" என்று கேட்டுக்கு வெளியே நின்ற ராயம்மாள் கத்தினாள். அன்றைக்கும் அவள் உள்ளே வந்திருக்கவில்லை.

யாகப்பன் சுற்றிலும் பார்த்தார். தினமும் காலையில் தேடுவதைப்போலவே இப்போதும் குனிந்து தேடினார். சுவரிலிருந்து படி வரை ஒரு சிட்டிகை மண் இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். பாக்கியமேரி பின்னாலிருந்து ஓடிவந்து, உடைந்த பானையைப் புதினாவோடு தீயின் மேல் கவிழ்த்தாள். ஒரு ஓரம் அடங்கியது. பானை காலி.

சுவருக்கு மேலே மாதுவின் தலை தெரிந்தது. தலைக்குப் பக்கத்தில் ஒரு கூடையும் தெரிந்தது. கூடை நிறைய மண் இருந்தது. ஆனால் மாது அதைக் கொட்டவில்லை.

"என்னா மேஸ்திரி வேணும்?"

சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை ஆட்களும் இருந்தார்கள். யாகப்பன் வாயைத் திறந்தபோது முதலில் இருமல்தான் வந்தது.

"மண்ணு," என்றார். "மண்ணு குடுங்கண்ணே."

"உங்க வூட்டு மண்ணுதான். பத்தரமாத்தான் வெச்சிருக்கறன்" என்று மாது கூடையைச் சுவருக்கு இந்தப் பக்கம் கவிழ்த்தார். அவர் அள்ளி அள்ளிக் கொடுக்க, வந்தவர்கள் வாங்கி வாங்கிக் கொட்டினார்கள். ராயம்மாள் இப்போது உள்ளே வந்து, வெறுங்காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள். புகை நின்றது. கறுப்பு வாசலின் நடுவில் வட்டமாகச் செம்மண் கிடந்தது. சுரூபத்தைத் திரும்பக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்கள். மிச்சப் பிரார்த்தனை நடந்தது. அந்த மண்ணில் குத்திய மெழுகுவர்த்திகள் ஒன்றும் சாயவில்லை.

டீச்சர் எழுந்தபோது வெள்ளைச் சேலையில் முழங்கால் இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள் இருந்தன. தட்டிப் பார்த்தார். தேய்த்துப் பார்த்தார். தேய்க்கத் தேய்க்க வட்டம் பெரிதானது. "சேறுன்னா காஞ்சதும் உதுந்துரும். இது எதுல போவும் யாகப்பா?" என்று கேட்டார். கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

மறுநாள் பட்டறையில் விசாரித்தவர்களிடம், மெழுகுவர்த்தியின் தரம் சரியில்லை என்று சொன்னார். இப்போதெல்லாம் எதிலும் கலப்படம் என்றார். ஆனால் அது பட்டறைக்குப் போன பிறகு நடந்தது. அதற்கு முன்னால், வழக்கம்போலக் காலையில், அவர் வாரியோடு வாசலில் இறங்கினார். கருகிய துருவலைச் சாக்கில் அள்ளிக் கட்டினார். ஓரத்திலிருந்து நல்ல ரப்பரை இழுத்து இழுத்துச் செம்மண் வட்டத்தை மூடினார். வட்டம் சுருங்கி, தட்டளவாகி, கையளவாகி, மறைந்தது. கோடு கோடாகச் சீவிவிட்டார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காத வாசல்.

வாரியின் பல்லில் ஒரு மண்கட்டி மாட்டியிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். கை மேலே எழும்பியது. அந்தப் பக்கம் பால் பீய்ச்சும் சத்தம் நின்றது. மாது காத்துக்கொண்டிருந்தார்.

யாகப்பன் கையை இறக்கினார். சத்தமில்லாமல் வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். துவைகல் மறைவில் பாக்கியமேரி மறுபடி கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த பானையை நிமிர்த்தி வைத்து, அந்த மண்கட்டியை அதற்குள் போட்டுவிட்டு, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.