சலவைக்கார அக்கா போட்ட புகார்

மூணாங்கிளாஸோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஆனால் பிழைக்க வடக்கே போன இடத்தில், செம்பூரில் ஒரு சின்ன மின்சார ஆலையில், கொதிகலனுக்கு நிலக்கரி போட்டு எரிக்கிறதில் என்னை மிஞ்ச ஒருத்தன் கிடையாது. படித்த இன்ஜினியரே என்னைக் கேட்டுத்தான் வாயைத் திறப்பார். பின்னால் சொந்தமாகத் தொழில் தொடங்கி, நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். அதெல்லாம் சரி. எதிர்வீட்டு அக்காவுக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அறுபதுகளில் ஒரு வருஷம் புகை விதியை இறுக்கினார்கள். கரும்புகை சில நிமிஷத்துக்கு மேல் வந்தால் ஆலைக்கு நோட்டீஸ். இன்ஸ்பெக்டர் தெருவில் நின்று, சாம்பல் நிறக் கட்டம் போட்ட ஓர் அட்டையைப் புகைபோக்கிக்கு நேரே பிடித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று ஒத்துப் பார்ப்பார். அவர் நிற்கிற வரைக்கும் கரியை மெல்லிசாகப் பரப்பி எரிப்பேன். புகை இருக்கிறதே தெரியாது. அவர் தலை மறைந்ததும், குழாய்களில் அடைந்த கரித்தூளை நீராவி விட்டு ஊதித் தள்ளுவோம். அத்தனையும் எங்கள் சந்தில்தான் இறங்கும்.

அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், புருஷன் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணிகளை வெளுத்துப் பெட்டி போட்டுப் பிழைத்தார். கரிப்புள்ளி விழுந்த துணிகளைத் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரி, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை கிடையாது என்றது. அக்கா யாரையோ பிடித்துப் புகார் எழுதிப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் சந்துக்கே வந்தார். இன்ஜினியர் என்னையும் கூட்டிப் போனார். புகைபோக்கியில் கரும்புகை தெரியாதபடி முன்னாலேயே கரியை மெல்லிசாக எரிய விட்டுத்தான் போனேன். அக்கா புள்ளி விழுந்த விரிப்பை விரித்துக் காட்டினார்.

“நீயும் இந்தச் சந்துதானே? இது எங்கேயிருந்து வருது?” என்று இன்ஸ்பெக்டர் என்னை இந்தியில் கேட்டார்.

“இந்தம்மா இஸ்திரிப் பெட்டிக் கரிதான் சாப்.”

அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. “ஏ தம்பி, பெட்டிக் கரி கொடியில ஏறியா உக்காரும்? நெஞ்சத் தொட்டுச் சொல்லு!”

தமிழில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஜூட் மத் போலோ, பாயி” என்று, பொய் சொல்லாதேம்மா என இந்தியிலேயே அதட்டினேன். இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாசம் நான் மேஸ்திரி. சந்து முழுக்கப் பேடா கொடுத்தேன். ஆஸ்பத்திரி வேலை போய், அக்கம்பக்கத்துத் துணி நாலைந்துதான் அக்கா கொடியில் கிடந்தது. அவரும் பேடாவை வாங்கிக்கொண்டார்.

“ஒரு காரியம் பண்ணு தம்பி. நீங்க கரி ஊதுததுக்கு முன்னாடி ஆள் விட்டுச் சொல்லு. துணிய உள்ள எடுத்துக்கிடுதேன்.”

“ஆகட்டும்க்கா” என்றேன்.

ஆலை வாசலிலிருந்து அக்கா வீட்டுக்கு அஞ்சு நிமிஷ நடை. ஆள் அனுப்பினால் அந்தக் கரி எங்களுடையதுதான் என்று ஆகிவிடுமே என்ற பயம். ஒருநாள்கூடச் சொல்லி அனுப்பவில்லை.