சீசோவின்ர மற்றப் பக்கம்

நம்பாட்டி விடுங்கோ. நடந்தது எனக்கு. சத்தியம் பண்ணச் சொன்னால் மாதா கோயிலில வைச்சே பண்ணுவன்.

2023 மார்கழி 13. எரிநட்சத்திர மழை எண்டு டினோஜன் ஒரு கிழமையாக் கரைச்சல். "மச்சான், நாயாற்றுச் சிறுவர் பூங்காவில லைற்றே இல்லை. படம் அந்தமாதிரி வரும். நீ வாறாய்தானே?" ஒண்டாம் வகுப்பிலயிருந்து என்னோட ஒரே வாங்கில இருந்தவன். அவன் கேட்டு நான் மாட்டன் எண்டிருக்கிறனே? அவன்ர மோட்டார்சைக்கிளில பின்னுக்கு ஏறிப் போனனான்.

போய்க் கமராவை ஸ்டாண்டில பூட்டினான். அங்க ஒரு சீசோ, பிள்ளையள் ரெண்டு பக்கமும் இருந்து ஏறி இறங்கிற பலகை. நிலத்தில கிடந்த நுனியைக் காட்டினான்.

"அதில இரு. வானத்துக்கு முன்னால உன்ர உருவம் கறுப்பா விழோணும். ஒரு படத்துக்கு முப்பது செக்கன். ஆடாதை."

"நீ?"

"பற்றரி மோட்டார்சைக்கிளில கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

என்ர முகத்தைப் பாக்காமச் சொன்னான். அப்பவாவது எனக்கு விளங்கியிருக்கோணும், விசரன் நான்.

நேரம் 2.11. கமரா தன்பாட்டில அடிச்சுக்கொண்டிருந்தது. கிளிக்... கிளிக்... மேல பச்சையா ஒண்டு இழுத்துக்கொண்டு போச்சு. வடிவுதான். ஆனா ஊரில ஒரு நாய்கூடக் குரைக்கேல்லை.

2.17. என்ர கால் நிலத்தைவிட்டு எழும்பிச்சு.

மெதுவா... பலகை என்னைத் தூக்குது. எதிர்ப் பக்கம் ஒரே இருட்டு.

"டேய், பகிடி விடாதை."

பலகை இன்னும் ஏறிச்சு.

அப்பத்தான் வாசலில மோட்டார்சைக்கிள் ஸ்ராட் ஆன சத்தம். லைற் தெருவில திரும்பி... போட்டுது.

அவன் அங்க. அப்ப இது?

விட்டிட்டுப் போட்டான். எனக்கு அழுகை வந்திட்டுது.

கிர்ர்ர்...

நான் கீழ இறங்கிறன். எதிர்ப் பக்கத்தில இருந்தது... பலகையால அரக்கி அரக்கி... நடுவுக்கு வருது.

சேத்து மணம்.

கிட்ட.

குதிச்சன். ஓடினன்.

விடியும்வரை நடந்து, 6.40க்கு அவன்ர வீட்டு வாசலில நிண்டன். அடிக்கத்தான் போனனான். தாய் றோசம்மா அன்ரி வாயில விரலை வைச்சா.

"சத்தம் போடாதை ராசா. போன மார்கழி அந்தப் பூங்காவில படமெடுத்திட்டு வந்த நாள் தொட்டு, ராத்திரி ரெண்டேகாலுக்கு எழும்பி, கட்டிலில தனக்குப் பக்கத்தில ஆரோ இருக்கினம் எண்டு குழறுவான். இண்டைக்குத்தான் வந்து படுத்ததும் பிள்ளை நல்ல நித்திரை."

உள்ள போய் அவனை இழுத்து எழுப்பினன்.

"ஏன்ரா என்னை?"

தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னான்.

"வேற ஆர் மச்சான், நான் கூப்பிட்டா வருவினம்?"