பெரியவனா, சின்னவனா

கீழுதட்டை முன்னால் தள்ளி, மேல்நோக்கி ஓர் ஊது. புருவத்திலிருந்து மரத்தூள் பறக்கும். அதற்குப் பிறகுதான் தச்சர் "சொல்லுங்க" என்பார். எதிரில் நிற்கும் நாங்கள் கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டோம். தெருவில் அவருக்கு 'மாவு மில்' என்று பெயர்.

என் புத்தக அலமாரி எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்கப் போனால், மனுஷருக்கு வேறு கவலை. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மகள் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். "தூசி இருந்துச்சுன்னா வாசலோட திரும்பிடுவேன்பா. பேரனை போன்லயே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். அந்தத் திரையிலும் தூள் படிந்திருப்பதால், பிள்ளை யார் ஜாடை என்பதே இன்னும் பிடிபடவில்லை.

மெஷின் கடைக்காரர் தூசி உறிஞ்சும் மெஷின்கள் இரண்டை இறக்கிவிட்டு, "ஓட்டிப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்கங்க" என்று போய்விட்டார். ஒன்று டஸ்ட் கலெக்டர்: ஆள் உயரம், தலை நுழையும் அளவுக்குக் குழாய், தொந்தி மாதிரி ஒரு பை. இன்னொன்று வாக்குவம் கிளீனர்: சக்கரம் வைத்த வாளி, மெல்லிய குழாய். தச்சர் உடனே பெயர் வைத்துவிட்டார். பெரியவன், சின்னவன்.

"பெரியவன் சீவலை மூட்டை மூட்டையா முழுங்குவான். ஆனா இழைப்பு மெஷினை விட்டு நகரமாட்டான், சோம்பேறி. சின்னவன் கூப்பிட்ட இடத்துக்கு வருவான். நாலு கை சீவல் போட்டா தொண்டை அடைச்சுக்கும். நான் யாரைத் திருப்பி அனுப்ப?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும். "சீக்கிரம் ஒண்ணைச் சொல்லித் தொலைங்க. கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ யோசிக்கலையே."

ஞாயிறு காலை நான் போனபோது சின்னவன் வீட்டுக்குள் இருந்தான். அவனுக்கு உறிஞ்ச ஒரு வாய், ஊத ஒரு வாய். தச்சர் குழாயை ஊதுகிற வாயில் செருகிவிட்டார். ஃபேன் இறக்கையிலும் பீரோ மேலும் வருஷக்கணக்கில் நிம்மதியாகக் கிடந்த தூளெல்லாம் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. "நல்லா உறிஞ்சுதுங்க" என்று மனைவி இருமினார். எனக்கு வந்த சிரிப்பு, தச்சர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது.

குழாயை மாற்றிச் செருகி, மூவருமாக மாறி மாறி உறிஞ்சினோம். மகள் வந்தாள். ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"வீடு சுத்தமாத்தான் இருக்கு."

தச்சர் குழந்தையை வாங்க ஓடினார். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். "நீங்கதான்பா சுத்தமா இல்ல."

அப்போதுதான் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். தலை முதல் கால் வரை வெள்ளை. சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறையில் பெரியவன் தொந்தியோடு சும்மா நின்றிருந்தான். சின்னவனைக் காலால் இழுத்து, முடுக்கி, குழாயைத் தன் தலையிலேயே வைத்தார். முடி, காது, சட்டைப்பை. மீசையில் ஒரு பக்கம் குழாய்க்குள் போய்விட்டது. கண்ணை மட்டும் குழந்தையை விட்டு எடுக்கவில்லை. மீசையைப் பிடுங்கிக்கொண்டு, கடைசியாக உள்ளங்கை இரண்டையும் குழாய் வாயில் காட்டிவிட்டு, மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அப்படியே நீட்டினார்.