அச்சில் சரியாக விழாத புலி

ரயில்வே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை காசுக்குள் புலி மீசையைத் தேடினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்றைக்கு என் கவலைகளில் அதுவும் ஒன்று. வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, பிளாட்பார டிக்கெட்டுக்கு நேரம் தாண்டிவிடுமா என்று மற்றவையும் வரிசையில் நின்றன. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது கவலையால் இல்லை. இன்றைக்கு எட்டணா கிடைத்துவிடும் என்கிற சந்தோஷத்தால்.

நான் சேர்ப்பது புலிக் காசு. சுதந்திரம் வந்த வருசத்தில் அடித்த நிக்கல் காசு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை, மறுபக்கம் நடந்து போகிற புலி. நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று மூன்று அளவில் உண்டு.

அது என்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட கதை வேடிக்கையானது. விருத்தாசலத்தில் நான் வேலை பார்ப்பது பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில். களிமண் கூழை அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் காந்தம் வைத்து அதிலுள்ள இரும்புத் தூளை எடுத்துவிடுவோம். இல்லையென்றால் சூளையிலிருந்து வரும்போது வெள்ளைப் பொம்மையின் கன்னத்தில் கறுப்புப் புள்ளி நிற்கும். ஒருநாள் காயலான் கடையில் வாங்கிய பழைய டப்பாவை மேசையில் கவிழ்த்தபோது, உள்ளேயிருந்து விழுந்த வெள்ளைக் காசு ஒன்று டக்கென்று காந்தத்தில் போய் ஒட்டியது. வெள்ளி என்றால் ஒட்டாதே! பிடுங்கித் திருப்பினேன். புலி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அந்த வயிற்று வரிகளைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்ப்பதுதான் என் பிழைப்பும். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் பிசிறு நீக்குவது என் வேலை. ஊற்றி ஊற்றி அச்சு களைத்துப்போனால் பொம்மைக்குக் கண் இமை மங்கிப்போகும், மூக்கு மழுங்கும். நான் ஊசியால் கோடு இழுத்து அதைத் திரும்ப எழுப்புவேன். அதிலும் தேறாததை இடது பக்கம் செகண்ட்ஸ் பலகையில் தள்ளிவிடுவேன்.

ரூபாய் இரண்டு, நாலணா ஒன்று சேர்ந்துவிட்டன. எட்டணா மட்டும் கிடைக்கவில்லை. வந்ததெல்லாம் வரி தேய்ந்து, வழித்துவிட்டது போன்ற புலி. அப்போதுதான் காசு சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேலத்து அண்ணன் ஒருவர், தன்னிடம் மூன்று எட்டணா இருப்பதாகச் சொன்னார். கடலூர் போகிற வழியில் நம்ம ஜங்ஷனில் வண்டி மாறுவாராம். என்னிடம் கூடுதலாக இருக்கும் ரூபாயைக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து ஒரு எட்டணாவை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று. தப்பாக எடுத்துவிட்டால் மாற்றிக்கொள்ள என்னிடம் வேறு காசு இல்லை.

துணைக்கு யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவளை அழைத்துப் போயிருந்தேன்.

“இன்னாக்கா, மாப்ள வூட்டுக்காரங்க வராப்போல உக்காந்திருக்க? பூ வச்சிகினு வந்திருக்கலாமில்ல?”

“வாய மூடுடி. வண்டி வருதான்னு பாரு.”

அண்ணன் வந்தார். பெஞ்சில் துண்டை விரித்து, பிளாஸ்டிக் உறைகளிலிருந்து மூன்று காசையும் எடுத்து வைத்தார்.

“பொறுமையாப் பாருங்கம்மா. ஆனா என் வண்டி வர்ற வரைக்கும்தான் பொறுமை.”

கட்டை விரல் காசின் முகத்தில் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்தேன். முதல் காசு கை மாறி மாறித் தேய்ந்தது. எழுத்து, விளிம்பு, ராஜா முடி எல்லாமே போயிருந்தன. அதை விட்டேன். இரண்டாவதைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். தோள்பட்டையிலிருந்து வால் வரைக்கும் வரி வரியாகப் புலி. மீசை தனித்தனியாக நின்றது. மூன்றாவது பளபளப்புதான், ஆனால் புலி முகம் சப்பாத்தி மாவு மாதிரி தட்டையாக இருந்தது. தோளில் வரியே இல்லை. என்னையறியாமல் அதை இடது பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.

“செகண்ட்ஸுல தள்ளிட்டா பாரு!” என்று அவள் சிரித்தாள்.

என் ரூபாயைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். நீட்டவும் போனேன். ஆனால் பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற கை இது, சும்மா இருக்குமா? இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று செல்போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தேன். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் உண்மையைச் சொல்லும்.

வயிற்று வரி ஒன்று முடிகிற இடத்தில், மயிர் போல ஒரு சின்ன வால் நீண்டிருந்தது. அடுத்த வரியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அந்த வாலை எனக்குத் தெரியும். ஊசியால் கோடு இழுத்துவிட்டுக் கையைத் தூக்கும்போது, நுனி கடைசியாகக் கீறிவிட்டுப் போகிற வால் அது. அச்சில் விழுந்த கோட்டுக்கு வால் இருக்காது, மொண்ணையாக முடியும். யாரோ என்னைப் போலவே ஊசியைப் பிடித்து உட்கார்ந்து, தேய்ந்த புலிக்கு வரி கீறியிருக்கிறார்கள்!

“இங்க பாருடி, இது எதுமாரி இருக்குது?”

அவள் குனிந்து பார்த்தாள். “அய்ய, நீ பொம்மைக்கு இமை இழுக்கறாப்போலவே இருக்குதுக்கா.”

அண்ணனுக்கு முகம் மாறியது. “அடி நல்லா விழுந்த காசும்மா அது. இருக்கறதுலயே அதான் ஒசத்தி.”

“கோவிச்சிக்காதீங்கண்ணே. நான் பயந்தவ, தப்பாகூட பாத்திருப்பேன். பின்னாடி ராஜாவத் திருப்பிப் பாருங்களேன்.”

லென்ஸை வைத்துப் பார்த்தார். ராஜாவுக்கு முடி இல்லை, கன்னம் வழுக்கை, சுற்றியிருந்த எழுத்து மெலிந்துபோயிருந்தது. ஒரே காசில் புலி மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும்? அவர் லென்ஸை இறக்கிவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“இத்தன நாளா இத சாமி மாதிரி பீரோவுல வெச்சிருந்தேனே!”

அதற்குள் நான் இடது பக்கம் தள்ளிய காசைத் திரும்ப எடுத்திருந்தேன். ராஜா பக்கம் எழுத்தெல்லாம் துருத்திக்கொண்டு நின்றது, விளிம்பு தடித்திருந்தது. புலி பக்கம் திருப்பி மெல்ல ஆட்டினேன். வெளிச்சம் காற்றாடி மாதிரி சுற்றி வந்து, அந்தத் தட்டை முகத்தின் மேலேயும் தடங்கலில்லாமல் ஓடியது. யாரும் தேய்க்காத தோல் அது. நிக்கல் முரட்டு உலோகம். அச்சு களைத்திருந்தாலோ, அடி கொஞ்சம் லேசாக விழுந்தாலோ, அச்சின் பள்ளத்துக்குள் முழுசாக ஏறாது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இன்றைக்கு அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு மூக்கு மழுங்கியிருந்தால் அது கிழவியாகிவிடுமா?

கடலூர் வண்டிக்கு அறிவிப்பு வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு நல்ல முகத்தோடு ஒரு புலி வரும்வரை காத்திருக்கலாமா? வரும் என்று யார் சொன்னது? என் ரூபாயில் புலி முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்தேன், இதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரூபாயை நீட்டினேன்.

“நல்லா யோசிச்சிட்டீங்களாம்மா? அப்புறம் போன் போட்டு அழக் கூடாது.”

“அழுவேண்ணே. ஆனா மாத்திக் கேக்க மாட்டேன்.”

அவர் ரூபாயை வாங்கிக்கொண்டு, வந்து நின்ற வண்டியில் சிரித்துக்கொண்டே ஏறினார். கீறிய புலியைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டதையும் பார்த்தேன். விற்க மாட்டார் என்று தோன்றியது.

வெளியே வந்து ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நான் நடந்தேனா பறந்தேனா தெரியாது. பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக வந்தேன்.

“புலிக்கு மூஞ்சியே காணமேக்கா. நான் வேணா மை வச்சி கண்ணு எழுதித் தரட்டா?”

“கை வச்சுப் பாரு, வெரல ஒடிச்சிடுவேன்.”

சாயங்கால வெயில் கீழே இறங்கியிருந்தது. கடைசியாக ஒருமுறை என்று சொல்லிக் காசை எடுத்துச் சாய்த்தேன். அந்தத் தட்டை முகத்தின் ஓரத்தில், மூச்சு விட்டால் அழிந்துவிடும்போல ஒரு கோடு எழுந்தது. வால் இல்லாத கோடு. மொண்ணையாக முடிகிற கோடு.

“மீசை! ஏய், மீசை இருக்குதுடி!”

நடுரோட்டில் நான் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காசை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள், தள்ளி வைத்தாள், வெயிலில் காட்டினாள்.

“தெரியுதா?”

“தெரியுதுன்னே வச்சிக்கக்கா. வா, வூட்டுக்குப் போவலாம்.”